பிரித்துவிட்டதும் பிடித்துத் தைத்ததும்

என் மருமகளை இந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டெய்லரம்மா என்றால்தான் தெரியும். அதுவும் புதுத் துணி தைக்கிற டெய்லரம்மா இல்லை. நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில், ஒரு மிஷினும் ஒரு ஸ்டூலும் ஒரு டியூப் லைட்டும் வைத்திருக்கிறாள். பெரிதாய்ப் போனதைச் சிறிதாக்கித் தருவாள், சிறிதாய்ப் போனதைப் பெரிதாக்கித் தருவாள். ஆல்டர் வேலை. ஜிப் மாற்றுவாள், கிழிசல் தைப்பாள், காலர் திருப்புவாள். வேறு ஒன்றும் செய்வதில்லை.

இந்தத் தெருவில் யார் இளைத்தார், யார் பெருத்தார் என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். ஒருத்தி முழுகாமல் இருப்பது அவள் மாமியாருக்குத் தெரிவதற்குள் இவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். எதிர்வீட்டு வக்கீல் வருஷா வருஷம் அதே கோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்.

"லாண்டரிக்காரன் சுருக்கிட்டான்மா இதை."

"இந்தத் துணி அப்படித்தாங்க சுருங்கும்" என்பாள், முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல்.

வக்கீல் போன பிறகு நான் சொல்வேன், "ஏம்மா, சுருங்கினது துணியா, வக்கீல் தின்ற தீனியா?"

"போட்டுக்கிறவருக்கு எதுக்கு அத்தை அது? நல்ல ஆல்டர்னா போட்டவருக்கே தெரியக் கூடாது. தெரிஞ்சா அது ஒட்டு."

அவள் தொழிலுக்கு அதுதான் சட்டம். எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். உள்ளே எவ்வளவு துணி விட்டு மடித்திருக்கிறார்கள், இன்னும் எவ்வளவு பிரிக்கலாம், எவ்வளவு பிடிக்கலாம். ஆளைப் பார்ப்பதும் அப்படித்தான். யாராவது எதிரே நடந்து போனால் முகத்தைப் பார்க்க மாட்டாள். தோள்பட்டையில் எங்கே இழுக்கிறது, பின்பக்கம் எங்கே சுருக்கம் விழுகிறது என்றுதான் அவள் கண் போகும்.

என் மகன் துணிக் கிடங்கில் மூட்டை ஏற்றினான். ஆள் மலை மாதிரி. அவன் உட்கார்ந்தால் நாற்காலி பேசும். ஒரு நாள் கிடங்கில் மாடிக்கு ஒரு மூட்டையைக் கொண்டுபோனவன், படி திரும்புகிற இடத்தில் அதை இறக்கி வைத்தான். அதன் மேலேயே உட்கார்ந்தான். மூச்சு வாங்கிக்கொள்கிறான் என்று பின்னால் வந்தவர்கள் காத்து நின்றார்கள். அவ்வளவுதான். நெஞ்சுக்குப் போகிற குழாயில் கொழுப்பு அடைத்துவிட்டது என்றார்கள். அவனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

மருமகள் அழவில்லை. வாங்கி வைத்திருந்த துணிகளையெல்லாம் சொன்ன நாளில் கொடுத்தாள். அதற்கும் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கல் நெஞ்சு என்றார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், சொன்னவர்களையும் சும்மா விடவில்லை. ரொம்ப நேரம் காலை மடித்து உட்கார்ந்து எழுந்தால் மரத்துப்போகுமே, ஊன்றினால் தரை இருப்பதே தெரியாதே, அவள் அப்படி ஆகிவிட்டாள். கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்வாள். போட்டதைச் சாப்பிடுவாள். உப்பு இல்லை என்றால்கூடச் சொல்ல மாட்டாள்.

அவர்களுக்கு ஒரே பெண். பிறந்தபோது உள்ளங்கையில் அடங்கினாள். பிழைக்குமா என்று நர்சே உதட்டைப் பிதுக்கினாள். அதனால்தான் சிட்டு என்று கூப்பிட ஆரம்பித்தோம், அதுவே பெயராக நின்றுவிட்டது. பிழைக்க வைத்த பிள்ளைக்கு ஊட்டாமல் இருக்க முடியுமா? ஊட்டினோம். அப்பன் போன பிறகு அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன் உட்கார்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வாள். டிவி ஓடும். மொட்டை மாடிக்கு விளையாடப் போவதை விட்டுவிட்டாள். பிஸ்கட் கேட்டால் பிஸ்கட், பன் கேட்டால் பன். கேட்கிற பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல என் நாக்கு வளையாது. அது தப்பு என்று டாக்டர் சொன்னார், டீச்சர் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரிகூடச் சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இனியும் மாட்டேன். பசி என்று வாய் திறந்தால் போட வேண்டியது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடப் பேன்ட்டை மருமகளே தைத்திருந்தாள், உள்ளே தாராளமாகத் துணி விட்டு. பிள்ளை பெருக்கப் பெருக்க, துவைத்து வருகிற பேன்ட்டை மடிக்கும் முன் மிஷினில் வைத்துப் பிரித்துவிடுவாள். ஒரு விரல் அகலம், அப்புறம் இன்னொரு விரல். இடுப்பு இறுக்குகிறது என்று அந்தப் பிள்ளை ஒரு நாளும் சொன்னதில்லை. இறுக்க விட்டால்தானே சொல்ல.

வகுப்பில் அவளுக்கு ரோடு ரோலர் என்று பெயர் வைத்தார்கள். வந்து என்னிடம்தான் கேட்டாள்.

"பாட்டி, நான் குண்டாயிட்டேனா?"

"எந்தக் கழுதை சொன்னது?"

"எல்லாரும். ஆனா எனக்குப் போன வருஷத்துப் பேன்ட்டே சரியாத்தானே இருக்கு?"

"அப்புறம் என்ன? அவங்க கண்ணுலதான் கோளாறு" என்றேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கடைக்குப் போன் வந்தது. மேல் மாடி வகுப்புக்குப் போகும்போது பிள்ளை பாதியில் உட்கார்ந்துவிட்டாள், மூச்சு இரைக்கிறது, உதடு வெளுத்திருக்கிறது, வந்து கூட்டிப்போங்கள் என்றார்கள். நான் அப்போது கடையில்தான் இருந்தேன். மருமகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்க உக்காந்தா? படி திரும்புற இடத்துலயா?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ தெரியாது. போனை வைத்தாள். ஊசியிலிருந்த நூலை அறுத்தாள். மிஷினை மூடி உறை போட்டாள். எல்லாவற்றையும் நிதானமாகச் செய்துவிட்டு, செருப்பை மட்டும் போட மறந்துவிட்டு நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர். பிள்ளையின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார், இறக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். இந்த வயதில் இருக்கக் கூடாத பிரஷர் என்றார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். நான் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். உடம்புக்கு வேலை கொடுக்கணும். ஓட விடுங்க, குதிக்க விடுங்க. தினமும்."

"ஓடினா மூச்சு வாங்குதுன்னுதானே உங்ககிட்ட கூட்டியாந்தோம்?" என்றேன்.

"மூச்சு வாங்கறதுக்குத்தான் பாட்டி ஓடணும். ஓட ஓடத்தான் நெஞ்சு பழகும். இப்படியே உக்காந்திருந்தா அவங்க அப்பா போன வழிதான்." பிள்ளைக்கு எதிரேயே சொன்னார். பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மருமகள் "சரிங்க" என்றாள். டாக்டர் சட்டையின் மேல் பொத்தான் இடம் மாறித் தைத்திருந்ததை வரும் வழியில் சொன்னாள்.

டாக்டர் பயிற்சிக்கு அனுப்பிய இடம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு நீள ஹால். முன்பு படுக்கை விரிப்பு அடுக்கி வைக்கிற இடமாம், இன்னும் சலவை சோப்பு வாசனை வரும். தரை முழுக்க ரப்பர் பாய். கயிறு, மரப்பெட்டி, பந்து, வளையம். கதவில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. எனக்குப் படிக்க எங்கே தெரியும்? எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள், நானும் கழற்றினேன். மருமகளால் கடையை விட்டு வர முடியாது. கூட்டிப் போவதும் கூட்டி வருவதும் என் பொறுப்பாயிற்று.

பயிற்சி கொடுக்கிற டீச்சரே கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருந்தாள். இவளா நம் பிள்ளையை இளைக்க வைக்கப் போகிறாள் என்று எனக்குப் பட்டது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது கூரையில் தொங்கிய கயிற்றைப் பிடித்து மளமளவென்று உச்சிக்கு ஏறி இறங்கி வந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"எடை மெஷின் இந்த ஹால்ல கிடையாது" என்றாள் முதல் நாளே. "வீட்டுல இருந்தாலும் ஏற வேண்டாம். நீங்கள்லாம் வளர்ற பிள்ளைங்க. உயரம் ஏறும், எலும்பு ஏறும், சதை கெட்டிப்படும். முள்ளு அதே இடத்துல நிக்கும். அதைப் பாத்துட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீங்க."

"அப்புறம் எப்படி டீச்சர் தெரியும்?" என்று கேட்டது எங்கள் சிட்டுதான்.

"மாடிப்படி ஏறும்போது பேச முடியுதான்னு பாரு. அது ஒண்ணு. இன்னொண்ணு, போட்டிருக்கிற பேன்ட்டோட இடுப்பு. விரல் நுழையுதா பாரு. எல்லாரும் பொய் சொல்லுவாங்க, பேன்ட் பொய் சொல்லாது."

சிட்டு அப்போதே இடுப்பில் விரலை விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டார்கள். ஒரே சிரிப்பு.

கரடி மாதிரி நாலு காலில் நடக்கச் சொல்வாள் டீச்சர். நண்டு மாதிரி பின்னால் போகச் சொல்வாள். பெட்டி மேல் ஏறி இறங்கு, பந்தைச் சுவரில் அடித்துப் பிடி, தொட்டுவிட்டு ஓடு. முதல் நாள் சிட்டு ஒரு ஆட்டத்துக்கே உட்கார்ந்துவிட்டாள்.

"டீச்சர், கரடி எப்பவும் இப்படித்தானே நடக்குது? அப்புறம் அது ஏன் குண்டா இருக்கு?"

"ஒரு கரடி உன்னைத் துரத்தட்டும், அப்புறம் சொல்லு அது குண்டா இல்லையான்னு. எழுந்திரு."

எழுந்தாள். வாய் பேசிக்கொண்டே எழுந்தாள், பேசிக்கொண்டே நடந்தாள், மூச்சு முட்டியபோதுதான் பேச்சை நிறுத்தினாள். அழுதுகொண்டு போன நாள் உண்டு, கால் வலிக்கிறது என்று என்மேல் சாய்ந்துகொண்டு வந்த நாள் உண்டு. ஆனால் போனாள். மூட்டையின் மேல் உட்கார்ந்த அப்பனை நினைத்துக்கொண்டு போனாள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீடு மாடியில். முன்பெல்லாம் படி திரும்புகிற இடத்துக்கு ஒரு தடவை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கொஞ்ச நாளில் நிற்பது குறைந்தது. பிறகு நிற்கவே இல்லை. வகுப்பில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்ற கதையைக் கீழ்ப்படியில் ஆரம்பித்து வாசற்படியில் முடிப்பாள். மூச்சு வாங்கினது நான்.

"என்ன பாட்டி, தூக்கிட்டுப் போகவா?"

"தூக்குவேடி, தூக்குவே. வாய் இருக்கே."

அந்தப் படி ஏறியதே போதும் என்றேன். அது அவள் காதில் ஏறவில்லை. பேச்சும் மூச்சும் அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. அவள் கண் முழுக்க இடுப்பில் இருந்தது. டீச்சர் அதைத்தானே பொய் சொல்லாது என்றாள்? குளித்து, ஆடப் போகிற கறுப்புப் பேன்ட்டைப் போட்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று விரலை விட்டுப் பார்ப்பாள். நான் பார்க்காத மாதிரி இருப்பேன். விரல் நுழையவில்லை. அடுத்த வாரமும் நுழையவில்லை. மழைக்காலம் வந்து போயிற்று. நுழையவில்லை.

அவளோடு ஹாலுக்கு வந்த பிள்ளைகளில் கண்ணாடி போட்ட ஒருத்தி இருந்தாள். இவளைவிடக் கனம். ஒரு நாள் பெட்டி மேலிருந்து குதிக்கும்போது அந்தப் பிள்ளையின் பேன்ட் முட்டி வரைக்கும் இறங்கிவிட்டது. ஹாலே சிரித்தது. அவளும் கண்ணாடி கழன்று விழுகிற மாதிரி சிரித்தாள். டீச்சர் ஓடிவந்து குதிக்கிற கயிற்றையே அவள் இடுப்பில் கட்டி, "இது மெடல். கழட்டாத" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். சிட்டுவும் தட்டினாள். தட்டிவிட்டு மெதுவாக இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வயிறு வலிக்கிறது என்றாள். அதற்கு அடுத்த வாரம் தலை வலி. அப்புறம் காரணமே சொல்லவில்லை. அப்பன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"ஏண்டி கண்ணு, நேரமாச்சு, எழுந்திரு."

"நான் வரல பாட்டி."

"ஏன்? டீச்சர் திட்டினாளா?"

"இல்ல."

"யாராவது கேலி பண்ணினாங்களா? சொல்லு, நான் வந்து கேக்கறேன்."

"யாரும் ஒண்ணும் பண்ணல." டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். டிவி ஓடவில்லை. "பேன்ட் பொய் சொல்லாதுன்னு டீச்சர் சொன்னாங்கள்ல? அப்ப இதுதான் உண்மை. எல்லாருக்கும் ஆகுது, எனக்கு ஆகல. நான் அப்பா மாதிரி. எவ்ளோ ஓடினாலும் ஒரு நாள் படியில உக்காந்துருவேன். அதுக்கு இப்பவே உக்காந்துக்கறேன்."

நான் கெஞ்சினேன். திட்டினேன். கையைப் பிடித்து இழுத்தேன், நான் இழுத்தா அவள் வருவாள்? மருமகளிடம் சொன்னேன், பிள்ளை போக மாட்டேன் என்கிறாள் என்று.

"சரி அத்தை" என்றாள்.

"என்ன சரி? டாக்டர் சொன்னது நினைப்பிருக்கா?"

"இருக்கு."

சுவரோடு பேசினால் சுவராவது எதிரொலிக்கும். டீச்சர் ஆள் அனுப்பிக் கேட்டாள். ஒரு மாதம் ஓடியிருக்கும். சிட்டு மறுபடி படி திரும்புகிற இடத்தில் கம்பியைப் பிடிக்க ஆரம்பித்தாள்.

ஒரு மத்தியானம் கடைக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோனேன். மருமகள் தலையைக் குனிந்து மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துவைத்த துணி. ஊசிக்குக் கீழே கறுப்புப் பேன்ட், உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டது. எனக்குத் தெரிந்த பேன்ட்டாக இருந்தது.

"யாரோடது?"

"சிட்டுவோடது. ஆடப் போட்டுட்டுப் போவாளே, அது."

"கிழிஞ்சிடுச்சா?"

"இல்ல, லூசா இருந்துச்சு. ஒரு மாசமா அலமாரியிலயே கிடந்தது, இப்பத்தான் துவைச்சேன். கடைசியா போட்டுட்டு நடந்தப்பவே பின்னாடி சுருக்கம் விழுந்தது."

டப்பாவைக் கீழே வைத்தேன்.

"லூசா இருந்துச்சா?"

"ஆமா."

"இதுக்கு முன்னாடியும் பிடிச்சியா?"

மிஷினை நிறுத்தினாள். யோசித்தாள். "பிடிச்சிருப்பேன்" என்றாள். பேன்ட்டை வெளிச்சத்தில் தூக்கி இடுப்புப் பட்டியை விரித்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தையல் ஓடியிருந்தது. வேறு யாரோ டெய்லர் தைத்ததைப் பார்க்கிற மாதிரி அவள் அதைப் பார்த்தாள். "மூணு தடவை பிடிச்சிருக்கேன். இது நாலாவது."

"ஏம்மா பிடிச்ச?"

"லூசானா பிடிக்கிறதுதானே அத்தை." அவளுக்கு நான் கேட்பது புரியவில்லை. "கண்ணுல பட்டா கை நிக்காது."

சொன்னேன். டீச்சர் சொன்னது, விரல் விட்டுப் பார்த்தது, கண்ணாடிக்காரி இடுப்பில் கட்டிய கயிறு, நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளை பேசியது, எல்லாம் சொன்னேன். அவள் மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி கேட்டாள். முகத்தில் ஒன்றும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒருத்தர் வந்து ஜிப் தைத்தாயிற்றா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். ஜிப்பை ஏற்றி இறக்கிக் காட்டினாள். காசை வாங்கிக் காசு டப்பாவில் போட்டாள். அவர் போன பிறகும் எழுந்து நின்றுகொண்டே இருந்தாள், கழுத்தைச் சாய்த்து, மாடிப்படி தலையில் இடிக்காமல்.

"நான் இப்பவே போய் அவகிட்டச் சொல்றேன்" என்று எழுந்தேன்.

"நீங்க சொல்லாதீங்க. நான் சொல்றேன்."

"நீ எங்க சொல்லப்போற? உனக்கு வாய் எங்க இருக்கு?"

"நான் சொல்றேன் அத்தை."

யாருக்கும் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை நான். அன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் சிட்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது மருமகள் கடையை அடைத்துவிட்டு வீட்டில் இருந்தாள். கட்டிலில் அந்தக் கறுப்புப் பேன்ட்டை உள்பக்கம் தெரிய விரித்து வைத்திருந்தாள். பக்கத்தில் இப்போது போடாமல் கிடந்த பழைய பள்ளிக்கூடப் பேன்ட்டையும் அதே மாதிரி விரித்து வைத்திருந்தாள். அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. சொல்ல ஆரம்பித்தால் முழுக்கச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"இங்க வா. இதைப் பாரு" என்றாள். "இதெல்லாம் நான் பிடிச்சது. நீ இளைக்க இளைக்கப் பிடிச்சுட்டேன். அதான் உனக்கு விரல் நுழையல."

சிட்டு குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு தையலாகத் தொட்டாள்.

"அப்ப நான் இளைச்சிருக்கேனா?"

"இளைச்சிருக்கே."

"எவ்ளோ?"

மருமகள் பிடித்த துணியை இரண்டு விரலுக்கு நடுவே மடக்கிக் காட்டினாள். "இவ்ளோ."

பிள்ளை துள்ளிக் குதிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கை பள்ளிக்கூடப் பேன்ட்டுக்குப் போயிற்று. அதில் தையல் இல்லை, தையல் இருந்த தடம் இருந்தது. ஊசி போன சின்னச் சின்ன ஓட்டை, கோடு கோடாக, உள்ளேயிருந்து வெளியே தள்ளித் தள்ளி. மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் வெளுக்காமல் புதுசாக இருந்தது.

"இது என்ன?"

"அது பிரிச்சுவிட்டது."

"எப்ப?"

"நீ பெருக்கும்போது."

சிட்டு அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். படித்த பிள்ளை, கூட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப அவங்க ரோடு ரோலர்னு சொன்னது சரிதான். உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எனக்கு மட்டும்தான் தெரியாது."

"டைட்டா இருந்தா வலிக்கும்ல."

"வலிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ல."

மருமகள் அந்தப் பேன்ட்டின் மடிப்பை நீவிவிட்டாள். தெருவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"அப்பா சட்டையெல்லாம்?" என்றாள் சிட்டு. "அதையும் இப்படித்தான் பிரிச்சுவிட்டியா?"

"ஏய், வாயை மூடு" என்றேன் நான்.

"ஆமா" என்றாள் மருமகள். "அவருக்கும்தான். கல்யாணம் ஆனதுலேர்ந்து."

குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. யாராவது விலை கேட்டால் சொல்கிற அதே குரல். என் மகன் தன் சட்டை இறுக்குகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சிட்டு இரண்டு பேன்ட்டையும் மடித்தாள். கோணல்மாணலாக மடித்துக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள்.

"இனிமே என் துணிய நீ தொடாதம்மா."

"சரி."

"துவைச்சதையும் நானே எடுத்து வெச்சுக்கறேன்."

"சரி."

மறுநாள் என்னைத்தான் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். ரெடிமேட் கடையில் நீலத்தில் ஒரு பேன்ட் எடுத்தாள். இடுப்பு ஏறினால் கால் நீளம், கால் சரியாக இருந்தால் இடுப்பு ஏறவில்லை. ஏறினதையே எடுத்துக்கொண்டாள்.

"மாடிப்படிக் கடை டெய்லரம்மா பொண்ணுதானே நீ?" என்றான் கடைக்காரன். "உங்க வீட்டுலயே மிஷின் ஓடுது, இங்க வந்து நிக்கறீங்க? கொல்லன் வீட்டுல கத்தி இல்லாத கதையா இருக்கே."

"உனக்கு வியாபாரம் வேணுமா, கதை வேணுமா?" என்றேன். பொட்டலம் கட்டினான்.

அந்த வாரமே ஹாலுக்குப் போனாள். டீச்சர் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை, "உன் இடம் அதோ" என்று கையை மட்டும் காட்டினாள். ஒரு மாதம் உட்கார்ந்தது உடம்பில் தெரிந்தது. பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்கிற்று, மூக்கு சிவந்தது. பேன்ட்டின் கால் இரண்டும் தரையில் இழுபட்டன. பின்பக்கம் பை மாதிரி தொங்கிற்று. பார்க்கச் சகிக்கவில்லை.

அன்றைக்கு மருமகளும் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. சுவரோரம் போட்ட பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொரு வாரமும் வந்தாள். பிள்ளை ஓடும்போது அவள் கண் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். தொங்குகிற பின்பக்கம், இழுபடுகிற கால். அவள் கை இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருப்பாள். எழும்போது விரலெல்லாம் பெஞ்சின் பலகை அச்சு பதிந்திருக்கும்.

டீச்சர் ஒரு நாள் பந்தை உருட்டிவிட்டாள். "நீங்களும் வாங்கம்மா, சும்மாதானே உக்காந்திருக்கீங்க?"

"இல்லீங்க, பரவால்ல" என்றாள். பந்தைக் காலால் திருப்பித் தள்ளினாள்.

வீட்டில் தாயும் மகளும் பேசுவது ஏதோ கொஞ்சம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். ஃபேனை நிறுத்தவா, நிறுத்து. சிட்டு துணியை அவளே துவைத்தாள், அவளே காயப்போட்டாள், சோப்பு முழுக்கப் போகாமல் காய்ந்த துணியைப் போட்டுக்கொண்டு போனாள். கொடியில் அது தொங்கும்போது மருமகள் அந்தப் பக்கமே போக மாட்டாள், சுற்றிக்கொண்டு போவாள்.

வெயில் காலம் ஆரம்பித்திருந்தது. தொட்டு ஓடுகிற ஆட்டம். கண்ணாடிக்காரி துரத்துகிறாள், சிட்டு முன்னால் ஓடுகிறாள். ஒரு கையால் பேன்ட்டை இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நழுவுகிறது. இரண்டு சுற்று அப்படியே ஓடினாள். ஒரு கையை வீசாமல் ஓடினால் எப்படி வேகம் வரும்? கண்ணாடிக்காரி தொட்டுவிட்டாள்.

சிட்டு ஆட்டத்தை விட்டு நேரே பெஞ்சுக்கு வந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் பேச முடிந்தது. தன் இடுப்பில் மூன்று விரலை நுழைத்தபடி தாய் முன்னால் நின்றாள்.

"சேஃப்டி பின் இருக்கா?"

மருமகள் தொடைக்குக் கீழேயிருந்து கையை எடுத்தாள். தன் ரவிக்கைக் கழுத்தின் உள்பக்கம் தடவி ஒரு ஊக்கைக் கழற்றினாள். நீட்டினாள். அவள் விரல் பேன்ட்டுப் பக்கம் கொஞ்சம் போயிற்று, நின்றது.

சிட்டு வாங்கிக்கொண்டாள். இடுப்புத் துணியை ஒரு பிடி பிடித்து, மடக்கி, வெளிப்பக்கமாகவே குத்தினாள். மடிப்பு உள்ளே போகாமல் வெளியே காது மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. ஹாலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.

"ஊக்கு வாய் சரியா மூடல" என்றாள் மருமகள். "ஓடும்போது குத்திடப் போகுது."

"குத்தட்டும்" என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடினாள்.